நெல்லு சார் தோற்ற வெள்ளிக்கிழமை

அவர் தோற்றுப்போகிற நாட்களில்தான் எங்கள் வீட்டில் பாயசம். ஜெயித்தவர்கள் இனிப்புக் கொடுப்பதுதான் ஊர் உலக வழக்கம். இவருக்கு எல்லாம் தலைகீழ். தான் அடித்துச் சொன்ன ஒரு விஷயம் தப்பு என்று தெரிந்துவிட்டால் போதும், மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, "தங்கச்சி, நான் தோத்துட்டேன்! சேமியா இருக்கா?" என்று கேட்டபடியே நேராக என் சமையலறைக்குள் நுழைந்துவிடுவார். பால் டின்னில் துளை போடுவதிலிருந்து முந்திரி வறுப்பதுவரை எல்லாம் அவரே. முந்திரி நிச்சயம் கருகும். அதைப் பற்றி நாம் வாய் திறக்கக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சவூதியில், அல் கோபாரில் இருந்தோம். என் கணவர் ஒரு ஆலோசனைக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கீழ் வீடு எங்களுக்கு, மாடி வீடு அவருக்கு. அவரும் அதே கம்பெனிதான், வேளாண்மை நிபுணர். பெயர் இருக்கட்டும், எங்கள் வட்டாரத்தில் அவர் 'நெல்லு சார்'. கும்பகோணம் பக்கத்துக்காரர். மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில் இருந்தார்கள், மூத்தவள் மருத்துவக் கல்லூரியில். அந்தப் பெண் படித்து முடிக்கும்வரையாவது இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தோற்பதற்கு முன்னால் அவர் வாதாடுகிற வேகத்தைப் பார்த்தால், இந்த மனிதரா தோல்விக்குப் பாயசம் காய்ச்சுகிறார் என்று யாரும் நம்பமாட்டார்கள். முகம் சிவந்து, மேஜையைத் தட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி ரகளை பண்ணிவிடுவார். ஏ.சி. ஓடுகிற வீட்டில் இட்லி மாவு பொங்கவே பொங்காது என்று ஒருநாள் என்னிடம் ஒற்றைக் காலில் நின்றார். நான் பாத்திரத்தை வாட்டர் ஹீட்டர் மேலே ஏற்றி வைத்தேன். காலையில் மாவு பொங்கி ஹீட்டரெல்லாம் வழிந்து கிடந்தது. அதைத் துடைக்க நான் பட்ட பாட்டை விட்டுவிட்டு, அவர் வழிந்த மாவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குழந்தை மாதிரி குதித்தார். "பொங்கிருச்சும்மா! நான் சொன்னது மகா தப்பு!" அன்றைக்கு இட்லியும் பாயசமும்.

இன்னொரு முறை, உப்புத் தண்ணீர் ஊற்றித் தக்காளி காய்க்காது என்று எங்கள் காவல்காரரிடம் சவால் விட்டார். அவர் ஏமன் நாட்டுக்காரர். சுவர் ஓரமாக நான்கு செடி வைத்துக் காய்க்க வைத்துக் காட்டிவிட்டார். கசப்பு டீயைத் தவிர வேறெதையும் தொடாத அந்த மனிதரைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு டம்ளர் பாயசம் குடிக்க வைத்தார் நம்மவர். பாவம் அவர், ஒவ்வொரு மடக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவர் தோற்று நாங்கள் பார்த்ததில்லை. அது நெல், அரிசி. அதிராம்பட்டினம் பாய் ஒருவர் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் புது மூட்டை வந்திறங்கியது. நெல்லு சார் நான்கு அரிசியை எடுத்து முன்பல்லால் கடித்தார்.

"பாய், பழைய அரிசின்னா குடுத்தாங்க?"

"ஆமா சார். ஒரு வருசத்து அரிசி. ஏன், என்ன?"

"பாதிக்குப் பாதி புதுசு கலந்திருக்கு. குழையும்."

பாய்க்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "சார், நீங்க ஆபீசுல பேப்பர் பாக்குறவரு. நாங்க மூணு தலைமுறையா அரிசி விக்கிறோம்" என்றார். மறுநாள் அவரே எங்கள் வீட்டு வாசலில் நின்றார், கையில் ஒரு டப்பா குழைந்த சோறு. அதன்பிறகு எந்த மூட்டை வந்தாலும் சார் கடித்துப் பார்த்தால்தான் பாய் வாங்குவார்.

அப்படிப்பட்டவரைத்தான் கம்பெனி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. மேற்குக் கரையில் காம்பியா என்று ஒரு நாடு. ஒரே ஓர் ஆறு, அதன் இரண்டு கரையும்தான் மொத்த நாடே என்று வரைபடத்தில் விரலால் இழுத்துக் காட்டினார். அங்கே ஆண்கள் மேட்டு நிலத்தில் கடலை போடுவார்களாம். நெல் முழுக்கப் பெண்கள் கையில். ஆற்றோரச் சதுப்பில், ஆளுக்கு ஒரு துண்டு நிலம். பனை மரத்தை வெட்டிப் போட்டு, அதன் மேல் நடந்து சேற்றுக்குள் போய் நட்டு, அறுத்துத் தலையில் சுமந்து வருகிறார்கள். அந்தப் பெண்களுக்குச் சதுப்புக்குள் நடைபாதை, சின்னச் சின்ன வரப்பு, விதை என்று உதவலாமா, இல்லை அந்தப் பணத்தில் இயந்திரங்கள் வாங்கி வேறிடத்தில் ஒரே பெரிய பண்ணையாகப் போட்டுவிடலாமா என்பதுதான் கேள்வி. கடன் கொடுக்கிற கமிட்டி பக்கத்து நகரமான தம்மாமில் கூடும். எங்கள் கம்பெனி அறிக்கை கொடுக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, இளைத்துக் கறுத்து, ஒரு துணிப்பை அரிசியோடு திரும்பி வந்தார். அந்தப் பெண்கள் உரலில் குத்திய அரிசி. மேஜையில் கொட்டி விரலால் அளைந்தார். கடித்தார். முகம் விழுந்துவிட்டது.

"பாருங்க தங்கச்சி. ருசி தேவலை. ஆனா பாதிக்கு மேல நொய். எவன் வாங்குவான்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நொய் என்றால் நம் ஊரில் கோழிக்கு, மிஞ்சினால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி. கல்யாணப் பந்தியில் நொய் விழுந்தால் சம்பந்திச் சண்டையே வந்துவிடும். அவருடைய அறிக்கையை டைப் அடித்தவள் நான்தான். திருச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால், கம்பெனி வேலை எங்கள் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிடும். 'உடைவு மிக அதிகம், தரம் குறைவு, சந்தையில் விலை போகாது' என்று ஆங்கிலத்தில் மூன்று கார்பன் வைத்து அடித்தேன். கை கூசவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். புதன்கிழமை அது தம்மாமுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலை கமிட்டி.

வெள்ளிக்கிழமை பகலில் காம்பியா அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கமிட்டியில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர் வந்திருந்தார். அது முடிந்ததும் இருவருமாக மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதாக ஏற்பாடு. நெல்லு சார் இரண்டு நாள் முன்பே என்னிடம் அந்தத் துணிப்பையைக் கொடுத்திருந்தார்.

"அவங்க ஊர் அரிசியவே அவங்களுக்குப் போடணும், தங்கச்சி. ஆனா முழு அரிசியா பொறுக்கிப் போடுங்க. விருந்தாளிக்கு நொய் போட்டா நம்ம மானம் போயிடும்."

எதிர்த்துப் பேசாமல் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து சலித்தேன், பொறுக்கினேன். கண் பூத்துப்போனது. முழு அரிசியைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அழகாக வைத்தேன். நொய்யை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, மொட்டை மாடிப் புறாவுக்கு ஆகும் என்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளினேன்.

அதிகாரி அதிராம்பட்டினம் பாயோடு ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். அவர் மனைவி பெயர் ஃபாத்து. நல்ல உயரம், வாட்டசாட்டம். நீல நிற அங்கி, தலையில் அதே நீலத்தில் பெரிய கட்டு. அரைகுறை ஆங்கிலம்தான் எங்கள் இருவருக்கும் நடுவில். ஹாலில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சமையலறைக்குள் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். குனிந்தவர் வாளியைப் பார்த்துவிட்டார். இழுத்தார். கையை உள்ளே விட்டு அள்ளினார். அடுத்த நிமிடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"நல்லதை ஒளித்து வைத்திருக்கிறாய்!" என்றார். "எனக்கு அதுவா?" என்று என் கிண்ணத்தைக் காட்டினார்.

நான் திருட்டு முழி முழித்தேன். அப்புறம் கோபமும் வந்தது. இரண்டு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பொறுக்கினவளுக்கு இந்தப் பேச்சு! "இல்லை இல்லை, அது புறாவுக்கு" என்று இரண்டு கையாலும் சிறகடித்துக் காட்டினேன். அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அலமாரியில் இருந்த டம்ளரெல்லாம் அதிர்ந்தது. தலைக்கட்டை இறுக்கிக்கொண்டு என்னை ஒதுக்கிவிட்டு, "மீன்?" என்றார்.

குழம்புக்கு வைத்திருந்த ஹமூர் மீனை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெயில் மீனைப் பொரித்தார். அதே பானையில் வெங்காயம், தக்காளி, மிளகாய் வதக்கித் தண்ணீர் ஊற்றி, மீனையும் போட்டுக் கொதிக்க வைத்து, மீனை மட்டும் எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் என் வாளி நொய்யைக் கழுவிக் கொட்டினார். மூடியை இறுக்க மூடி மேலே என் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது சாறு முழுவதையும் நொய் குடித்திருந்தது. வாசனை மாடிவரை போனது.

நெல்லு சார் முதல் வாய் வைத்தார். மூன்று முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பிறகுதான், தொழுகை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் கேட்டார்.

"உங்கள் ஊரில் எல்லோரும் நொய்யா சாப்பிடுகிறீர்கள்?"

"கிடைத்தால் அதைத்தான். கடையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருவதே நொய்தானே. முழு அரிசி சாற்றைக் குடிக்காது, தனித்தனியாக நிற்கும்."

"நான் மூன்று வாரம் உங்களோடு இருந்தேனே, ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே" என்றார் அதிகாரி, மரியாதையாக. "ரெஸ்ட் ஹவுஸில் ரொட்டியும் டின் மீனும் போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

எல்லோரும் அவர் துள்ளிக் குதிப்பார் என்று காத்திருந்தோம். குதிக்கவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் தோற்றது இட்லி மாவில் அல்ல, அரிசியில். கையெழுத்துப் போட்ட காகிதம் கமிட்டி கையில் இருக்கிறது. அது சொல்கிறபடி நடந்தால் அந்தப் பெண்களுக்கு நடைபாதையும் கிடையாது, வரப்பும் கிடையாது. மாற்றிச் சொன்னால் இவருக்கு வேலை கிடையாது. இன்னும் இரண்டே மாதத்தில் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும்.

கால் மணி நேரம் இருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு வந்து ஃபாத்து முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எந்த நெல் எந்தச் சேற்றில் வரும், எது உரலில் எவ்வளவு உடையும், எதைக் குழந்தைக்குக் கொடுப்பார்கள், எதை விற்பார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. ஃபாத்துவின் அம்மாவும் அக்காவும் சதுப்பில் நடுகிறவர்களாம். அவர் சொல்லச் சொல்ல அதிகாரி ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் நெல்லு சாரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் நோட்டை மூடிவிட்டு அவர் போட்ட கத்தலில் காவல்காரர் ஓடி வந்தார்.

"தங்கச்சி! எடுங்க டைப் மிஷினை!"

முதலில் மேனேஜரிடம் போக வேண்டும் என்று என் கணவர் சொன்னதால், இருவரும் காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். மேனேஜர் பெய்ரூத்காரர். "கலாஸ், முடிஞ்சுது! பேப்பர் போயாச்சு!" என்று கத்தினாராம். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, "புதிய தகவல்கள் கிடைத்திருப்பதால் மறுபரிசீலனை தேவை" என்று வேண்டுமானால் ஒரு வரி கொடுங்கள், கம்பெனி மானம் போகாது, உங்கள் கான்ட்ராக்டும் பிழைக்கும் என்றாராம். என் கணவருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. திரும்பி வந்ததும் என்னிடம், "அப்படியே அடிச்சுக் குடுத்துடும்மா" என்றார்.

"அடிக்காதீங்க தங்கச்சி" என்றார் நெல்லு சார். "புதுத் தகவலா இது? அந்தப் பொம்பளைங்களுக்கு எப்பவோ தெரியும். எனக்குத்தான் தெரியல. தப்புன்னே அடிங்க. முதல் வரியிலயே அடிங்க."

"உங்க பொண்ணு படிப்பு, சார்..." என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ டாக்டராகப் போறவ. அப்பன் தெரிஞ்சே தப்பு மருந்து எழுதிக் குடுத்தான்னு தெரிஞ்சா என்னை மதிப்பாளா?"

அடித்தேன். 'நான் முன்பு எழுதியது தவறு' என்பதுதான் முதல் வரி. மூன்று கார்பன். அந்த ஒரு வரிக்கு மட்டும் விசைகளை என் பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினேன், மூன்றாம் பிரதியிலும் பளிச்சென்று விழ வேண்டும் என்று.

மறுநாள் விடியும்போதே ஃபாத்து என் சமையலறையில் இருந்தார். மீதி நொய் முழுவதும் பானையில் ஏறியது. ஐந்தடுக்கு டிபன் கேரியரில் நிரப்பி, துண்டு சுற்றி அனுப்பினோம். தம்மாம் கமிட்டி அறையில் நடந்ததை, காரோட்டிப் போன என் கணவர் சொல்லித்தான் தெரியும். தலைவர் வயதான சவூதிக்காரர். காகிதத்தைப் படித்துவிட்டு, "புதன்கிழமை நிபுணர் ஒன்று சொன்னார், சனிக்கிழமை அதே நிபுணர் வேறு சொல்கிறார். எதை நான் நம்ப?" என்று கேட்டாராம்.

"என்னை நம்ப வேண்டாம்" என்று நெல்லு சார் கேரியரைத் திறந்தாராம்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலைவர் எட்டிப் பார்த்தார், முகர்ந்தார். அந்தக் கடலோரத்துக்காரருக்கு மீனும் சோறும் ஒரே பானையில் என்றால் கேட்கவா வேண்டும்? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மூன்று விரலால் எடுத்து வாயில் போட்டார். மற்றவர்களையும் கூப்பிட்டார். அதிகாரியிடம் சந்தை பற்றிக் கேட்டார், அவர் மனைவி சொன்னதையெல்லாம் கேட்டார். கேரியர் காலியாகித் திரும்பி வந்தது. முடிவு உடனே வரவில்லை. இரண்டு மாதம் ஆனது. பெரிய பண்ணையை ஒத்திவைத்து, பெண்களின் சதுப்பு நிலங்களுக்கே கடன் என்று கடிதம் வந்த அன்று எங்கள் வீட்டில் நான் ஆடாத குறைதான்.

அதே வாரம் அவருடைய கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை என்ற கடிதமும் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேனேஜருக்கு இனி ஒரு வரி டைப் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அடிக்கவும் இல்லை. ஆனால் கவலைப்பட நேரமில்லாமல் காம்பியாவிலிருந்தே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. அந்தத் திட்டத்தையே பார்த்துக்கொள்ள இரண்டு வருடம். சம்பளம் குறைச்சல்தான், பெண் படிப்புக்குப் போதும். பக்கத்து ஊர் தஹ்ரான் விமான நிலையத்தில் வழியனுப்பியபோது, கல்யாண மாப்பிள்ளைகூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எட்டு ஒன்பது மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. முழங்கால் வரை சேறு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் அவர். சுற்றிலும் பத்துப் பெண்கள். அதில் வயதான ஒருவர் இவர் கையிலிருந்த நாற்றுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், இவர் வாய்தான் எல்லோரையும்விடப் பெரிதாகத் திறந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் நின்று நானும் தனியாகச் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து:

"தங்கச்சி, காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு நடவு தெரியாதாம். ஆறு ஏறி இறங்குகிற இடத்தில் இளநாற்று நிற்காது, முற்றின நாற்றாக ஊன்று என்றார்கள். நான் கேட்கவில்லை, ஒரு பாத்தி நட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் என் பாத்தி மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது. அவர்கள் நட்டது நிற்கிறது."